பயறைக் காக்கும் எண்ணெய் அரிசியைக் காக்காது

வேளாண் இதழ்களிலும் இயற்கை விவசாய மேடைகளிலும் ஒரு கருத்து மறுபேச்சுக்கு இடமில்லாத உண்மையாக உலவுகிறது. தானியத்தில் வண்டு விழாமல் இருக்க விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ புங்கெண்ணெயோ தடவி வைத்தால் போதுமாம். நெல், அரிசி, கோதுமை, சோளம், பயறு என எதுவானாலும் சரியாம். தாவர எண்ணெய் இயற்கையானது, ஆகவே பூச்சியைக் கொல்லும், மனிதனை ஒன்றும் செய்யாது என்கிறார்கள். இரசாயன மாத்திரைகள் வந்த பிறகே இந்த அறிவு மங்கிப்போனது என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு பகுதி உறுதியான உண்மை. அந்தப் பகுதி ஈட்டிய நற்பெயரில்தான் மற்றவை எல்லாம் பிழைக்கின்றன. எண்ணெய் பயறு வகைகளைக் காப்பது மெய். ஆனால் அந்த ஆற்றலை அதற்குத் தந்தது இயற்கை என்ற அடைமொழி இல்லை, பயறு வண்டு முட்டையிடும் விதம். அந்த விதம் எந்தப் பூச்சியிடம் மாறுகிறதோ அங்கே எண்ணெயின் அதிகாரமும் முடிகிறது. இதைச் சொல்லாமல் எண்ணெயை எல்லாத் தானியத்துக்கும் பரிந்துரைப்பவர்கள் மரபறிவைக் காப்பாற்றவில்லை. அது தோற்கும் இடத்துக்கு அதை இழுத்துப்போய் நிறுத்துகிறார்கள்.

முதலில் எண்ணெய்க்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவற்றைத் துளைக்கும் பயறு வண்டு தன் முட்டையை மணியின் வழவழப்பான தோலின் மேல் ஒட்டவைக்கிறது. வெள்ளைப் புள்ளியாகக் கண்ணுக்கே தெரியும். நான்கைந்து நாளில் பொரியும் புழு வெளியே வந்து ஊர்ந்து திரிவதில்லை. முட்டையின் அடிப்பக்கத்திலிருந்தே நேராக மணிக்குள் துளைத்து இறங்குகிறது. ஒட்டிய முட்டையோடுதான் அதற்குத் துளைக்கப் பிடிமானம். உள்ளேயே வளர்ந்து, சுமார் 30 பாகை வெப்பத்தில் நான்கு வாரத்துக்குள் வட்டமான ஓட்டை போட்டு வண்டாக வெளிவருகிறது. வளர்ந்த வண்டு தின்பதில்லை. இனம்பெருக்குவது ஒன்றே அதன் வேலை. ஆகவே அந்த வண்டின் வாழ்க்கைச் சுற்றில் மிகவும் பலவீனமான கட்டம், தோலின் மேல் திறந்தவெளியில் கிடக்கும் அந்தச் சில நாள் முட்டைப் பருவம். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி எண்ணெய் போட்டுப் பிசறினால் மணியைச் சுற்றி மெல்லிய படலம் உண்டாகிறது. முட்டை காற்றை வாங்கும் நுண்ணிய வழியை அது அடைக்கிறது, முட்டை சரியாக ஒட்டுவதையும் கெடுக்கிறது. கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தில் பீன்ஸ் வண்டை வைத்தும், நைஜீரியாவின் இபாதானிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தில் தட்டைப்பயறு வண்டை வைத்தும் நடந்த சோதனைகள் 1978இல் வெளியாயின. வீடுகள் நெடுங்காலமாகச் செய்துவந்ததை அவை அளவோடு உறுதிப்படுத்தின. இதை மறுப்பவருக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை.

ஆனால் அந்தச் சோதனைகளை ஊன்றிப் பார்த்தால் இயற்கைவாதத்துக்கு உதவாத ஒரு செய்தி கிடைக்கிறது. வேலை செய்தது வேப்பெண்ணெய் மட்டுமல்ல. கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், பனையெண்ணெய், சோயா எண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய் என்று மூலிகைக் குணம் எதுவும் சொல்லப்படாத சமையல் எண்ணெய்களும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தன. எண்ணெயிலுள்ள ஏதோ ஒரு சாரம் பூச்சியைக் கொல்கிறது என்றால், சாரமே இல்லாத எண்ணெய்க்கு அந்தப் பலன் எங்கிருந்து வந்தது? பழத்தோட்டங்களில் செதில் பூச்சிகளையும் மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் முட்டைகளையும் மூச்சடைக்கச் செய்ய நெடுங்காலமாகத் தெளிக்கப்படுவது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய். அதை இயற்கை வேளாண்மை என்று யாரும் கொண்டாடுவதில்லை, ஆனால் முட்டையின் மேல் அது செய்யும் வேலை இதுவேதான். எண்ணெய் அல்லாத மரபு முறைகளிலும் இந்தக் கதைதான். துவரைக்குச் செம்மண் கட்டுவதும், விதைப்பயற்றில் சாம்பல் கலப்பதும், நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ களிமண் தூள் கலக்கச் சொல்லும் இன்றைய பரிந்துரையும் வண்டின் உடலிலுள்ள மெழுகுப் பூச்சைக் கெடுத்து அதை உலரவைக்கும் முறைகள். இவை அனைத்தும் பௌதிக வேலைகள். பௌதிக வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பொருளும் பூச்சியும் தொட்டாக வேண்டும்.

தொடுதல் என்ற அந்த நிபந்தனை அரிசியிலும் கோதுமையிலும் சோளத்திலும் உடைந்துபோகிறது. இந்தத் தானியங்களின் முதல் எதிரி கூன்வண்டு. பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் குழி தோண்டி, அதற்குள் முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு பொருளால் வாயை அடைத்துவிடுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு என்ற மூன்று பருவமும் மணிக்குள்ளேயே கழிகின்றன. வெளியே பார்த்தால் அரிசி நன்றாகத்தான் இருக்கும். பயற்றின் மேல் எண்ணெய் எந்தக் கட்டத்தை அழிக்கிறதோ, அந்தக் கட்டத்தைக் கூன்வண்டு பூட்டிய அறைக்குள் ஒளித்துவைக்கிறது. வளர்ந்த வண்டும் பயறு வண்டைப் போல ஓரிரு வாரத்தில் மடிவதில்லை. மாதக்கணக்கில் வாழ்ந்து, தின்று, முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சியும் தானியத் துளைப்பானும் முட்டையை வெளியே இடுபவைதான். ஆனால் அந்து முட்டையைச் செருகுவது பெரும்பாலும் உமியின் இடுக்குகளில். பொரிந்த புழு வெகு விரைவில் மணிக்குள் போய்விடும். பயற்றின் வழவழப்பான தோலில் படர்வதுபோல நெல்லின் சொரசொரப்பான உமியில் எண்ணெய் படராது, உமி அதை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணிக்கையும் எதிராகவே நிற்கிறது. ஒரு கிலோ கொண்டைக்கடலையில் ஐந்தாறாயிரம் மணிகள் இருக்கும், ஒரு கிலோ நெல்லில் 40,000க்கு மேல். மணி சிறுத்தால் பூசவேண்டிய பரப்பு பெருகும். கடலைக்குப் போதுமான 5 மில்லி நெல்லுக்குப் போதாது. போதுமான அளவு ஊற்றினால் தானியம் பிசுபிசுத்து, நாளடைவில் காறல் வாடை அடிக்கும்.

இங்கே எழக்கூடிய வலுவான எதிர்வாதம் குஜராத்திலிருந்து வருகிறது. அங்குள்ள வீடுகளில் ஆண்டுக்கு வேண்டிய கோதுமையை வாங்கி விளக்கெண்ணெய் தடவிச் சேமிப்பது பரவலான வழக்கம். எண்ணெய் கோதுமையைக் காக்காது என்றால் அந்தப் பெண்கள் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வீண்வேலை செய்கிறார்களா? இல்லை. புதிதாக எண்ணெய் பூசிய மணியைத் துளைக்க வண்டு தயங்கும், நல்ல படலத்தில் மாட்டும் வளர்ந்த வண்டுகள் சில சாகவும் செய்யும். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வழக்கத்தை முழுதாகப் பாருங்கள். கோதுமை வாங்கப்படுவது அறுவடை முடிந்த கோடையில், தானியம் நன்றாக உலர்ந்திருக்கும் பருவத்தில். வெயிலில் மீண்டும் காயவைக்கிறார்கள், சலிக்கிறார்கள், புடைக்கிறார்கள், ஒவ்வொரு மணியிலும் படும்படி கையால் எண்ணெய் தேய்க்கிறார்கள், பிறகு இறுக மூடும் தகரப் பீப்பாயில் அடைக்கிறார்கள். உலர்த்தல், தூய்மை, அடைப்பு என்ற மூன்று காவல்களோடு நான்காவதாக நிற்பது எண்ணெய். ஈரம் குறையாத நெல்லைச் சாக்கில் கட்டித் திண்ணையில் அடுக்கிவிட்டு அதன் மேல் எண்ணெய் தெளிக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் முதல் மூன்றையும் விழுங்கிவிட்டு நான்காவதை மட்டும் மரபு என்று விற்கிறது.

முன்னோர் சாதனை என்ற வாதத்துக்கும் இதே பதில் பொருந்தும். நம் ஊர்க் குதிரும் பத்தாயமும் தொம்பையும், விதைநெல்லைக் கட்டிய வைக்கோல் கோட்டையும் எண்ணெயை நம்பி நிற்கவில்லை. நெல் களத்தில் காய்ந்த பிறகே குதிருக்குள் போனது. குதிரின் வாய் மண்ணும் சாணமும் கொண்டு பூசப்பட்டது. அரிசியாகக் குத்தி வைக்காமல் நெல்லாகவே வைத்தார்கள், ஏனென்றால் முழு உமி கூன்வண்டுக்குப் பெரிய தடை. பயறை முழுதாக வைக்காமல் உடைத்துப் பருப்பாக வைத்தார்கள், ஏனென்றால் உடைத்த பருப்பில் பயறு வண்டு சரியாகப் பெருகாது. எதை எப்படி வைப்பது என்று பொருளுக்குப் பொருள் வேறுபடுத்திப் பார்த்ததுதான் அந்த அறிவின் உயரம். விளக்கெண்ணெய் பருப்புக்கும் பயறுக்கும் என்று ஒதுக்கப்பட்டதும் அந்தப் பகுப்பின் ஒரு பாகம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய் என்ற இன்றைய முழக்கம் அந்தப் பகுப்பை அழிக்கிறது. மரபின் பெயரால் மரபுக்கு எதிராகச் செய்யப்படும் வேலை இது. அந்தக் காலத்துத் தானியம் பூச்சியே அரிக்காமல் இருந்தது என்ற கற்பனையும் வேண்டாம். அரிசியைப் புடைத்து வண்டு நீக்கிச் சமைப்பது அன்றாட வேலையாக இருந்தது.

முழுதாகக் காக்காவிட்டாலும் பாதியாவது காக்குமே, அதில் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வயலில் பாதிப் பாதுகாப்பு பாதி விளைச்சலைத் தரலாம். சேமிப்பில் கணக்கு வேறு. ஒரு பெண் வண்டு 80 முட்டை இடுவதாகக் கொள்வோம். எண்ணெய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை அழித்துவிட்டது, அருமையான வெற்றி. மிஞ்சிய நான்கில் இரண்டு பெண். ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் என்றால், ஒன்று இரண்டாகி, நான்காகி, ஆறு மாதத்தில் 64 ஆகிறது. தொண்ணூற்றைந்து விழுக்காடு வெற்றியும் பெருக்கத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிர நிறுத்துவதில்லை. எண்ணெய்ப் படலமோ நாள் செல்லச் செல்ல மணிக்குள் ஊறி மெலிகிறது, அதாவது வண்டு பெருகும் நேரத்தில் காவல் தளர்கிறது. பயற்றிலேயே இந்த ஆபத்து உண்டு. பயறு வண்டு வயலிலேயே காய்களின் மேல் முட்டையிடத் தொடங்கிவிடுவதால், அறுவடையாகி வரும்போதே சில மணிகளுக்குள் புழு இருக்கும். அவற்றை எண்ணெய் எட்டாது. அதனால்தான் பயறையும் முதலில் சுள்ளென்ற வெயிலில் காயவைத்த பிறகே எண்ணெய் இடவேண்டும். கூன்வண்டு விழுந்த அரிசியில் இந்தப் பாதிக் காவலை நம்பி அமர்ந்திருப்பவர் மூன்றாம் மாதம் மூட்டையைப் பிரிக்கும்போது, இன்னும் செய்திருக்கக்கூடிய வேலைகளுக்கான காலம் கடந்திருக்கும்.

அடுத்து ஆய்வகச் சான்று காட்டப்படுகிறது. கிராம்பு, தைலமரம், எலுமிச்சைப்புல், கற்பூரம் ஆகியவற்றிலிருந்து எடுத்த நறுமண எண்ணெய்களின் ஆவி கூன்வண்டையும் மாவு வண்டையும் கொல்கிறது என்று எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் உள்ளன. அவை பொய்யில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலான சோதனைகள் சிறிய கண்ணாடிக் குடுவையில், தானியம் இல்லாமலோ ஒரு கைப்பிடித் தானியத்தோடோ நடந்தவை. குடுவையைத் தானியத்தால் நிரப்பினால் அந்த ஆவியில் பெரும்பங்கைத் தானியமே உறிஞ்சிக்கொள்கிறது, வண்டுக்கு மிஞ்சுவது சொற்பம். அளவைக் கூட்டினால் வண்டு சாகலாம், சோற்றில் கிராம்பு வாடை அடிக்கும், செலவு தானியத்தின் விலையைத் தொடும். இவை எளிதில் ஆவியாகிறவை என்பதால் மூடாத இடத்தில் சில நாளில் காணாமல் போய்விடும். அரிசிப் பானையில் நான்கு கிராம்பு போட்டு வைப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அதைப் பூச்சி ஒழிப்பு என்று சொல்ல அந்தக் குடுவைச் சோதனை சான்றாகாது. சோதனையில் கொன்ற அளவு ஒன்று, பானையில் இருக்கும் அளவு வேறொன்று.

இயற்கையானது ஆகவே தீங்கற்றது என்ற வாதம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வேப்பெண்ணெய் விதைக்கு நல்லது, உணவுத் தானியத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. மலேசியாவில் சிறு உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981இல் லான்செட் மருத்துவ இதழ் பதிவு செய்தது. தானியத்தில் தடவும் அளவு அதைவிடக் குறைவு, கழுவும்போது மேலும் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் வேம்பு என்றாலே பயமில்லை என்று சொல்ல அந்தப் பதிவு இடந்தரவில்லை. வசம்பு இன்னொரு சான்று. பூச்சிக்கு எதிராக அதற்கு உண்மையான ஆற்றல் உண்டு. அந்த ஆற்றலுக்குக் காரணமான அசரோன் என்னும் பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. மறுபக்கம், ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் கொடிய நஞ்சு, ஆனால் அது எண்ணெயில் கரையாமல் புண்ணாக்கில் தங்கிவிடும் புரதம் என்பதால் விளக்கெண்ணெய் பருப்புக்குத் தகும். மூன்றும் தாவரம், மூன்றும் இயற்கை, முடிவு மூன்று விதம். இயற்கை என்ற சொல் இந்த வேறுபாட்டில் எதையும் நமக்குச் சொல்லவில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, உண்பதற்கா விதைப்பதற்கா என்ற கேள்விகளே சொல்கின்றன.

இவ்வளவும் சொன்னால், நீங்கள் நச்சு மாத்திரைக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று குற்றச்சாட்டு வரும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கு இந்தக் கட்டுரை எந்த நற்சான்றும் தரவில்லை. மூன்று கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தில் பட்டு ஒரு கிராம் பாஸ்பீன் வாயுவை விடுகிறது. உடலுக்குள் போனால் அதற்கென்று மாற்று மருந்து கிடையாது. பயிற்சியும் உரிமமும் உள்ளவர்களைத் தவிர யாரும் கையாளக் கூடாத பொருள் அது, வீட்டு மூட்டைக்குள் ஒருபோதும் வரக்கூடாதது. போதாததற்குப் பூச்சிகளும் அதற்குப் பழகிவருகின்றன. உலக உணவு வேளாண் அமைப்பு 1972-73இல் எடுத்த உலகளாவிய கணக்கெடுப்பிலேயே சோதித்த பூச்சிக் கூட்டங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பாஸ்பீனைத் தாங்கும் திறன் பெற்றிருந்தது, இன்று நிலைமை அதைவிட மோசம். ஆனால் மாத்திரையின் குறை எண்ணெயின் நிறையாகிவிடாது. பெரிய கிடங்குகளில் பாஸ்பீன் நிலைத்திருப்பதற்குக் காரணம், அடுக்கிய மூட்டைகளைப் பிரிக்காமல், டன்னுக்கு மூன்று மாத்திரையில், மணிக்குள் ஒளிந்திருக்கும் புழுவரை வாயு ஊடுருவுகிறது என்பதே. அதே ஒரு டன்னுக்கு எண்ணெய் என்றால் 5 முதல் 10 லிட்டர் வேண்டும், ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டிப் பிசறிக் கட்டவேண்டும், அப்படிச் செய்தும் உள்ளிருக்கும் புழு சாகாது. பாஸ்பீனை விரட்ட விரும்புகிறவர் அது செய்யும் இந்த வேலையைச் செய்யக்கூடிய வேறொன்றைக் காட்டவேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறது, எண்ணெயின் தத்துவத்துக்கு நெருங்கிய உறவும் கூட. காற்றுப் புகாமல் இறுகக் கட்டினால், தானியத்துக்குள் இருக்கும் பூச்சிகளே மூச்சுவிட்டு உயிர்வளியைத் தீர்த்துவிடுகின்றன. அது வெகுவாகக் குறைந்ததும் அவை தின்பதையும் பெருகுவதையும் நிறுத்தி மடிகின்றன. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது மூன்றடுக்குப் பை. உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு. 2007 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் பெருமளவில் பரப்பப்பட்டது, மக்காச்சோளத்துக்கும் மற்றத் தானியங்களுக்கும் பயன்படுகிறது. எண்ணெய் ஒரு முட்டைக்குச் செய்வதை இந்தப் பை மூட்டை முழுவதற்கும் செய்கிறது, மணிக்குள் இருப்பதையும் விடுவதில்லை. கேமரூனிலேயே கருப்புத் தாளின் மேல் பயறைப் பரப்பி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலின் சூட்டை 57 பாகைக்கு மேல் ஒரு மணிநேரம் நிறுத்தி எல்லாப் பருவத்தையும் கொல்லும் எளிய முறையும் உருவானது. இரண்டிலும் நஞ்சு இல்லை. பிளாஸ்டிக் பையை இயற்கை என்று அழைக்க முடியாததால்தானோ என்னவோ, நம் மேடைகளில் அதற்குக் கைதட்டல் இல்லை. நன்றாக உலராத நெல்லை இப்படி அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் உலர்த்தாமல் எந்த முறையும் இல்லை, எண்ணெய் உட்பட.

ஆகவே இனி எந்தப் பரிந்துரையும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும்: எந்தத் தானியம், அதைத் தாக்கும் பூச்சி முட்டையை எங்கே வைக்கிறது, அந்த இடத்தை இந்தப் பொருள் எட்டுமா? உலர்ந்த முழுப்பயறு, சில மாதச் சேமிப்பு, வீட்டளவு என்றால் விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ கிலோவுக்கு 5 மில்லி போதும். அதைவிட மலிவான, பாதுகாப்பான வழி அந்த இடத்தில் வேறில்லை, மாத்திரையைத் தேடுவது மடமை. விதைப்பயறு என்றால் வேப்பெண்ணெய்க்கும் இடமுண்டு. நெல், அரிசி, கோதுமை, சோளம் என்றால் உலர்த்தலும் அடைப்பும் முதலில், எண்ணெய் ஒரு துணையாக வந்தால் வரட்டும், தலைமை ஏற்கக் கூடாது. இந்த வரம்பைச் சொல்வது எண்ணெய்க்கு எதிரான பேச்சாகத் தோன்றினால், வரம்பில்லாத புகழ் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். எண்ணெய் தடவிய அரிசியில் கூன்வண்டு ஊர்வதைக் காணும் விவசாயி அடுத்த ஆண்டு பயற்றுக்கும் எண்ணெய் இடமாட்டார். நேராகக் கடைக்குப் போய் யாரிடமோ கெஞ்சி மாத்திரை வாங்கி வருவார். அந்த மாத்திரையை அவர் கையில் கொடுத்த பொறுப்பில் ஒரு பங்கு, எல்லாவற்றுக்கும் எண்ணெய் போதும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தவர்களையே சேரும்.